நூற்று நாற்பத்து நாலு

மின்கட்டண ரசீதின் முதுகில்
ஆறு சதுரம் போட்டேன்.
ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து.
தள்ளுபடியில் வாங்கிய ஆறு குஷன்கள்
உறையில்லாமல், உரித்த கோழிபோல்
நவம்பரிலிருந்து
சமையலறை பெஞ்சில் கிடக்கின்றன.

தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்றரை,
அந்தப் பக்கம் ஒன்றரை.
நாற்பத்தெட்டு.
ஜிப் வேண்டாம்.
(ஜிப் தைத்த அனுபவம் எனக்கு உண்டு.
அதைப் பற்றி வேறொரு நாள்.)
பின்புறம் இரண்டு மடல்,
ஒன்றன்மேல் ஒன்று பன்னிரண்டு ஏறிப் படுக்க,
ஓரம் மடித்தடிக்க ஆளுக்கு மூன்று,
ஆக ஓர் உறைக்கு நீளம்
நூற்றுப் பதினான்கு.

துணியின் அகலம் நூற்று நாற்பது.
மூன்று உறைகளைப் பக்கம் பக்கமாய் வைத்தால்
நூற்று நாற்பத்து நாலு.

நாலு சென்டிமீட்டர்.
ஒரு தீக்குச்சி.
அது இருந்தால் இரண்டு மீட்டர் இருபத்தெட்டில்
வேலை முடிந்தது.
இல்லாததால்
மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு.

க்ளைபெடா துறைமுகத்தில்
நாற்பதடி கன்டெய்னரைக் காற்றில் இறக்கி
லாரியின் நாலு மூலைப் பூட்டில்
உட்கார வைக்கிறவள் நான்.
நாலு சென்டிமீட்டர் என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் அளக்க வேண்டாம்.

தையலை ஒன்றாகக் குறைத்தேன்.
நூற்று நாற்பத்தொன்று.
இன்னும் ஒன்று!
அப்புறம் தோன்றியது:
குஷனைவிட உறை ஒரு பிடி சின்னதாயிருந்தால்
கன்னம்போல் உப்பி நிற்குமே.
நாற்பத்தாறு மூன்று தடவை
நூற்று முப்பத்தெட்டு.
பேனாவை மூடிவிட்டு
பாதி ராத்திரியில் ஒரு முட்டை பொரித்துத் தின்றேன்.

சந்தைப் பக்கத்துக் கடையில் கிராஷ்வீதா
மூக்குக்கண்ணாடியை இறக்கி
ரசீதை இரண்டு முறை படித்தாள்.
"லினன்," என்றாள். "நனைத்துப் பார்த்தாயா?"
வாங்கவே இல்லை, எதை நனைக்க?
"முதல் துவைப்பில் நூற்றுக்கு ஐந்து போய்விடும்.
உன் நூற்று நாற்பது
நூற்று முப்பத்துமூன்று."

சாண் ஏறி முழம் சறுக்கினேன்.

"ஐந்து உறை போதுமென்றால்?"
"ஐந்துக்கும் அதே துணிதான்."
"நாலு?"
"நாலுக்கு இரண்டு நாற்பது.
மற்ற இரண்டும் அம்மணமாய்க் கிடக்கட்டுமா?"
கத்திரியைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள்.
மூன்று மீட்டர் அறுபது.
அறுபத்தெட்டு யூரோ நாற்பது.

துவைத்து, காயவைத்து, அளந்தேன்.
நூற்று முப்பத்துமூன்று.
அவள் சொன்னதில் ஒரு நூல் பிசகவில்லை.
அதுதான் கொஞ்சம் கோபமாக இருந்தது.

இரண்டிரண்டாக ஆறு உறை வெட்டியபின்
மேசையிலிருந்து தரைவரை தொங்கியது மிச்சம்.
அகலம் முப்பத்தேழு,
நீளம் மூன்று நாற்பத்திரண்டு.
திரைக்கு ஒல்லி, துண்டுக்கு நெட்டை,
எறிய மனமில்லை: ஈரத்தில் நனைந்த
பால்டிக் வானத்தின் நிறம்.

கரையை நீக்கி, தையல் விட்டால்
முப்பத்துமூன்று வரும்.
முப்பத்துமூன்று எங்கோ பார்த்த அளவு.
கிரேன் கூண்டின் இருக்கையில்
முதுகுக்கும் தோல்மெத்தைக்கும் நடுவே
குளிர் வந்து உட்காரும் இடம்.

அந்த இருக்கை ஒன்று, நாங்கள் மூன்று.
ரிம்கவுதஸ் அதைப் பின்னுக்குத் தள்ளுவான்,
ஸ்தாசே முன்னுக்கு இழுப்பாள்,
நான் வந்து இரண்டையும் திருத்துவேன்.
ஏணியில் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒட்டி நிற்க
ஒருவர் இறங்குவோம்.
மூவரும் சேர்ந்து ஒரு மேசையில்
உட்கார்ந்ததே இல்லை.
மூன்று நாற்பத்திரண்டை மூன்றாய் வகுத்தேன்.
மீதி வரவில்லை.
வெட்டிய துணுக்குகளையே உள்ளே அடைத்தேன்.

வியாழக்கிழமை மூன்றையும் கூண்டில் வைத்துவிட்டு,
ஆளுக்கு ஒன்று என்று சீட்டு எழுதினேன்.

வெள்ளி காலை ஏறிப் போனால்
மூன்றும் ஒன்றாகப் பின்னால் செருகியிருக்கிறது,
ஓர் அகன்ற முதுகின் குழியோடு.
என் சீட்டின் கீழே இரண்டு கையெழுத்து.
"ஒன்று போதாது" என்று அவன்.
"ஆமாம்" என்று அவள்.

இருக்கையைத் திருத்தினேன்.
இழுத்துப் போடலாமா என்று ஒரு கணம்.
பிறகு மூன்றிலும் சாய்ந்து
முதல் கன்டெய்னரைத் தூக்கினேன்.