மீதி 3.60

பீல் நகரில், மெட் பக்கம்,
ஐந்து மாடிக் கட்டடத்தின் நிலவறை.
இரண்டு சலவை இயந்திரங்கள், பன்னிரண்டு குடும்பங்கள்.
சுவர் நாட்காட்டியில் எங்களுக்கு
ஒன்றுவிட்ட செவ்வாய், மாலை ஐந்து முதல் பத்து.

நாணயம் போட வழியில்லை.
ஒரு நீல அட்டை,
அதில் கட்டைவிரல் நகமளவு பொன்னிறச் சில்லு.
பெயர் இல்லை, படம் இல்லை, இரகசிய எண் இல்லை.
காசு வங்கியில் இல்லை, அட்டைக்குள்ளேயே இருக்கிறது
என்று விளக்கினார் பராமரிப்பாளர் ரூடி.
தொலைத்தால்?
தொலைந்தது தொலைந்ததுதான்,
சட்டைப்பையிலிருந்து விழுந்த தாள் மாதிரி.

ஒரு செவ்வாய் கூடையோடு இறங்கியபோது
செருகுவாயில் ஏற்கெனவே ஓர் அட்டை.
திரையில் 11.60.
வீடு வீடாக மணி அழுத்திக் கேட்டேன்.
மூன்றாம் மாடி இல்டா தன்னுடையது இல்லை என்றாள்;
ஈரக் கையால் தன் அட்டையை எடுத்தும் காட்டினாள்,
நான் என்னவோ சந்தேகப்பட்டதுபோல.
நாலாம் மாடியில் கதவு திறக்கவில்லை.
தெஸ்ஃபாலெம் போய்விட்டான் என்றார்கள்.
எங்கே என்று சொல்ல
ஜெர்மனும் போதவில்லை, பிரெஞ்சும் போதவில்லை.

ஊரான் காசு.
சவர்க்காரத்தூள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.
இரண்டு மாதம் அங்கேயே கிடந்தது,
தூசு படிந்து, ஒரு ராப்பன் குறையாமல்.

பிறகு ஒரு சனி இரவு. மகனுக்கு வாந்தி.
மூன்று விரிப்பு, இரண்டு தலையணையுறை, என் ஒரே கம்பளிச் சட்டை.
என் அட்டையில் எண்பது ராப்பன்.
காசு ஏற்றும் பெட்டியோ இருபது பிராங்க் தாள் மட்டும் தின்னும்.
என்னிடம் சில்லறை இருந்தது, வங்கி அட்டை இருந்தது,
இரண்டையும் அது முகர்ந்துகூடப் பார்க்காது.
விடிந்தால் ஞாயிறு. ஞாயிறு துவைத்தால்
கட்டடமே கடிதம் எழுதும்.

பெயரில்லாத அட்டையைச் செருகினேன்.
நீ யார் என்று இயந்திரம் கேட்கவில்லை.
தண்ணீர் விழுந்தது. 9.20.
கண்ணாடிக்குள் என் சட்டை சுற்றுவதை
கடைசிவரை நின்று பார்த்தேன், பிடிபடக் காத்திருப்பவள்போல.

திங்கள் வேலை முடிந்து வந்து
ஒரு தாளை அந்த அட்டைக்கே ஊட்டினேன். 29.20.
இரண்டு நாற்பது எடுத்து இருபது வைத்தவளுக்குக்
கணக்குத் தெரியாது என்றார் இவர்.

அடுத்த முறை 24.40.
அதற்கடுத்து 17.20. பிறகு 12.40.
வயிறு எரிந்தது எனக்கு, பொய் சொல்வானேன்.
அப்புறம் ஒருநாள் 32.40.

யார் என்று நான் கேட்கவில்லை.
படிக்கட்டில் இல்டா என் முகத்தைப் பார்த்தாள்,
நான் அவள் முகத்தைப் பார்த்தேன்,
இருவரும் பனிப்பொழிவைப் பற்றிப் பேசினோம்.
ஒன்றேகால் வருடம்.
ஒருவர் வீட்டில் ஒருவர் தேநீர் குடிக்காத கட்டடம்,
ஒரே பானையில் கை நனைத்துக்கொண்டிருந்தது.

மார்ச்சில் ரூடி அறிவிப்பு ஒட்டினார்.
இனி கைப்பேசிச் செயலி.
பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், வீட்டு எண்.
பழைய அட்டையின் மீதியை
உரியவர் கையெழுத்திட்டு மாதக் கடைசிக்குள் பெறலாம்.

உரியவர்.
கையில் கூடையோடு அந்தச் சொல்லின் முன்
கொஞ்ச நேரம் நின்றேன்.
கடைசி நாள் திரையில் 3.60.
இல்டா கையெழுத்திடப் போகவில்லை. நானும் போகவில்லை.
செருகுவாயை ஒரு தகடு வைத்துத் திருகினார் ரூடி.

இப்போது இயந்திரம் என்னைப் பெயர் சொல்லி வரவேற்கிறது.
பவளேஸ்வரி நீளமாம்; பவளேஸ் என்று நிறுத்திக்கொள்கிறது.
கடைசியாக எப்போது துவைத்தேன்,
எத்தனை பாகைச் சூட்டில், எல்லாம் அதற்குத் தெரியும்.

அட்டை என் சமையலறையில் இருக்கிறது.
தோசைமாப் பாத்திரத்தின் அடியை வழிக்க
அதற்கு நிகரான கரண்டி இல்லை.
சில்லில் மாவு ஒட்டும்; நகத்தால் சுரண்டிக் கழுவுவேன்.

அவன் ஒருவேளை வந்து கேட்டால்
பதினொன்று அறுபது தரவேண்டும்.
சீனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்,
நாணயமாகவே.