இழுப்பறையில் ஒரு கயிறு

நாரினில் மார்ச் மாதமும் பனிதான்.
எதிர்வீட்டு வாசலில் இன்று
தெமிர்லானுக்குத் தளை அறுக்கிறார்கள்.
கறுப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கிய
கம்பளிக் கயிறு அவன் கணுக்கால்களில்.
தெருமுனையிலிருந்து பிள்ளைகள் ஓடிவரும்.
முந்தி வரும் பிள்ளை கத்தி வாங்கி அறுக்கும்.
அறுத்ததும் இரண்டு பக்கமும் கைபிடித்து
குழந்தையை ஓட்டுவார்கள்,
வாழ்நாள் முழுக்க எதிலும் தடுக்கி விழாதபடிக்கு.
அவனுக்குப் பதினொரு மாதம்.
சைகலுக்கு இருபது.

நாங்கள் போகவில்லை.
வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.
எதிர்வீட்டுக்கு வண்டி எதற்கு என்று
ஒருவரும் கேட்கவில்லை.

எங்களிடமும் கயிறு தயார்தான்.
புருல்சா அதை முறுக்கியபோது
சைகலுக்கு ஆறு மாதம்.
அதற்குள் குப்புறக் கவிழ்ந்திருக்க வேண்டுமாம்.
யாருக்குத் தெரியும்?
அழாத பிள்ளை, படுத்தாத பிள்ளை,
வைத்த இடத்தில் இருக்கும் தங்கம் என்று
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள், பத்தில்.
தலையணை இல்லாமல், பதினைந்தில்.
தவழவே இல்லை.
உட்கார்ந்த இடத்திலேயே
கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி
சிறிய முள்போல
அறை முழுவதையும் பார்த்து முடிப்பாள்.
அதற்கு ஒரு காலைப்பொழுது ஆகும்.

பிஷ்கெக் மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
எல்லாம் கட்டங்கள்.
கட்டைமேல் கட்டை வைக்கிறதா?
விரலால் சுட்டிக் காட்டுகிறதா?
பெயர் சொன்னால் திரும்புகிறதா?
புருல்சா எழுதினாள்: சில சமயம்.
‘சில சமயத்துக்குக் கட்டம் இல்லையே’ என்றாள் அந்த அம்மாள்,
கனிவாகத்தான்.
விட்டு மூன்று வருஷமான சிகரெட்டை
அன்று வாசலில் நின்று பிடித்தேன்.

மேய்ச்சலில் குதிரையின் முன்னங்காலில் போடும் கட்டுக்கும்
எங்களிடம் இதே பெயர்.
கட்டியிருக்கிறது என்று தெரிந்த குதிரை
குட்டி அடி வைத்துப் புல் தின்னும்.
தெரியாதது துள்ளித் துள்ளி விழும்.
ராத்திரி, பின்சீட்டில் பயணிகள் தூங்க,
மலையேறும் வண்டிக்குள்
நான் அப்படி விழுவேன்:
பிரசவத்துக்குப் போகும்போது தொலோன் கணவாயில்
இரண்டு மணி நேரம் பனியில் சிக்கினோமே, அதனாலா?
காய்ச்சலை நான் சளி என்றேனே, அதனாலா?
என் அத்தை மகன் ஒருவன் நான்கு வயதுவரை பேசவில்லை.
அதனாலா? அல்லது
அவனும் பேசினான் அல்லவா?

கணவாய் உச்சி டீக்கடையில் ஒரு லாரிக்காரன் கேட்டான்,
‘மகள் நடக்கிறாளா?’
‘ஓடுகிறாள்’ என்றேன்.
டீ ஆறும்வரை அதை நானே நம்பினேன்.

இன்று மதியம்,
தெருவில் பூட்ஸ் கால்கள் பனியை மிதித்து ஓடும் சத்தம்.
யாரோ முந்தினார்கள். கைதட்டல்.
உள்ளே வந்தால்
புருல்சா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து
இழுப்பறைக் கயிற்றைத் தன் கணுக்கால்களில்
கட்டி முடித்திருந்தாள்.
கத்தரிக்கோலை நீட்டினாள்.
‘ஓடி வந்தாயா, நடந்து வந்தாயா?’
‘நடந்துதான்.’
‘பரவாயில்லை. போட்டிக்கு வேறு ஆள் இல்லை.’

மொண்ணைக் கத்தரிக்கோல்.
கம்பளி வழுக்கியது.
மூன்றாவது தடவை அறுந்தது.
அவள் எழுந்திருக்கவில்லை.
அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

சைகல் பார்த்தாள்.
வழக்கம்போல முழுதாகத் திரும்பும்வரை காத்திருந்து, பிறகு
அறுந்த துண்டு ஒன்றை எடுத்து
வாயில் வைத்துக்கொண்டாள்,
கறுப்பு முனையா வெள்ளை முனையா என்று பாராமல்.
பிடுங்கப் போனேன். விடவில்லை.
நல்ல பிடி.

மிச்சக் கம்பளி இருக்கிறதா என்று கேட்டேன்.
மேல் அலமாரியில், என்றாள்.
இன்னொன்று முறுக்க
அரை மணி நேரம் போதும்.