எட்டில் ஒன்பது

நீரோடியில் எங்கள் மொட்டைமாடி.
தண்ணீர்த்தொட்டியிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னை வரை
பத்து மீட்டர் செம்புக்கம்பி.
இதில் துணி காயப்போடாதீங்க என்று
மாமியாரிடம் மூன்று முறை சொல்லியாயிற்று.
நாலாம் முறை சொல்லவில்லை.
ஈரச்சேலைக்கு அடியில் குனிந்து போய்
ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஆறே கால். பதினாலு மெகாஹெர்ட்ஸ்.
முதலில் வாத்துகள் பேசும்.
குமிழை மயிரிழை திருப்பினால்
வாத்து மனிதனாகும்:
மொரீஷியஸிலிருந்து வீராசாமி.
பேர் மட்டும் தமிழ்,
பேச்சு பிரெஞ்சு வாடையடிக்கும் ஆங்கிலம்.
கடலில் கிடக்கிற பாய்ப்படகுகளை
ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.
அவை இருக்கிற இடம் சொல்லும், காற்று சொல்லும்,
அலை, பாரமானி, கடைசியில் மேகம்.

ஏழாவது பேர் கலிஸ்தா.
முப்பத்தெட்டு அடி, ஒற்றைப் பாய்மரம், யாரோ ஒருவருடைய படகு.
சீஷெல்ஸிலிருந்து கொச்சிக்குக் கொண்டுவந்து விடுகிற கூலி வேலை.
மூன்று பேரில் ஒருத்தி
என் மனைவி பிரிசில்லாள்.

விசைப்படகு இருக்கிற காலத்தில்
இவள் எதற்குப் பாய் விரித்துப் போகிறாள் என்று
ஊரில் கேட்டார்கள்.
நான் களியக்காவிளையில் டிவியும் மிக்ஸியும் பழுதுபார்க்கிறவன்.
எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன்:
அவளுக்குக் கடல் வரும். எனக்கு வாந்தி வரும்.

ஒக்கி அடித்த ராத்திரி
இந்தத் தெருவில் வயர்லெஸ் இல்லாமல் இல்லை.
எட்டுகிற தூரம் வரை கூப்பிட்டோம்.
அதற்கு அப்பால் இருந்தவர்கள்
அதற்கு அப்பாலேயே இருந்தார்கள்.
மறுவருஷம் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

இந்த அலைவரிசைக்குக் கதவு கிடையாது.
டர்பனில் ஒரு டாக்டர், கொழும்பில் ஒரு பாதிரியார்,
பேர் சொல்லாமல் காதை மட்டும் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ.
இவர்கள் நடுவில் எதைப் பேச?
புறப்படுமுன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்.
வானத்தை எட்டுப் பங்காக்கி
எத்தனை பங்கு மேகம் என்று சொல்வது வழக்கம்.
ஒன்பது என்றால்
அது மேகம் இல்லை.

பதினாறு நாளில் ஒரு தடவையும் ஒன்பது வரவில்லை.
எட்டில் இரண்டு. எட்டில் ஐந்து.
மழை அடித்த அன்றைக்கு முழு எட்டு.
அருகில் வந்தாள், வந்துவிட்டாள் என்று நான் எழும்பி உட்கார,
அடுத்த படகின் பேரைக் கூப்பிட்டார் வீராசாமி.

மினிக்காய் விளக்கைத் தாண்டிய மறுநாள்
அவள் குரல் நின்றது.
பழுதில்லை.
தூரத்திலிருந்து பேசினால்
வானத்தில் மோதி என் மாடியில் விழும்.
கிட்டே வந்துவிட்டால் தலைக்கு மேலே தாவிப் போகும்,
பாண்டி ஆட்டத்தில் மிதிக்காமல் தாண்டுகிற கட்டம் மாதிரி.
மாமியாருக்கு இதை விளக்கினேன்.
"கிட்ட வந்தா கேக்காதா? இதுக்கா பரீட்ச எழுதின?"

வீராசாமிக்கு எங்கள் இருவரையும் கேட்கிறது.
முந்நூறு கிலோமீட்டரில் இருப்பவள் பேச்சு
நாலாயிரம் போய், நாலாயிரம் திரும்பி,
முன்பின் பார்த்திராத ஒருவரின் தொண்டை வழியாக வருகிறது:

"கலிஸ்தா. எட்டு டிகிரி பதினொன்று வடக்கு.
எழுபத்து நான்கு டிகிரி இருபது கிழக்கு.
காற்று மேற்கு, எட்டு நாட். பாரமானி ஆயிரத்துப் பத்து.
மேகம்..."
காகிதம் புரளும் சத்தம்.
"எட்டில் ஒன்பது என்கிறார்கள்.
மறுபடி கேட்டேன், ஒன்பதேதானாம்.
இரைச்சலில் தப்பாக விழுந்திருக்கும்.
எட்டு என்று போட்டுக்கொள்ளவா?"

மைக் பொத்தானில் விரல்.
டர்பன் கேட்கிறது. கொழும்பு கேட்கிறது.
படிக்கட்டில் மாமியார், கையில் காலி வாளி.

"திருத்த வேண்டாம். ஒன்பது என்றே எழுதுங்கள்.
நீரோடியிலும் அதேதான்."

தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை.
சேலை எப்போதோ காய்ந்திருந்தது.
எடுத்து மடித்துக் கொடுத்தேன்.