புதுசு பின்னால்

இங்கே வெருலத்தில் இதற்குப் பெயர் பக்கி.
பெயருக்கு ஏற்ற பசி.
பெட்ரோல் தின்னும், ரப்பர் தின்னும்,
மாதக் கடைசியில் என்னையும் கொஞ்சம்.

திங்கள் புதன் வெள்ளி எனக்கு,
மற்ற நாளெல்லாம் கொழுந்தன் பூபாலனுக்கு.
நான் ஏற்றுவது வெந்தயக் கீரை, மல்லி, பச்சை மிளகாய்,
அமதும்பே மூட்டை ஆறு.
அவன் ஏற்றுவது
"சும்மா, லேசான சாமான், அண்ணி."

ம்லுங்கிசி ஜாக்கி வைத்துத் தூக்குகிறான்.
அந்தப் பெயருக்குச் 'சரிசெய்பவன்' என்று பொருளாம்.
சரிசெய்யும் முன் படிக்கிறான்.
முன்சக்கரம் இரண்டும் உள்விளிம்பில் மொட்டை:
ஏதோ பள்ளத்தில், வேகமாக, அலைன்மெண்ட் போயிருக்கிறது.
பின்சக்கரங்கள் இரண்டு ஓரமும் தேய்ந்து
நடுவரி மட்டும் பிழைத்திருக்கிறது:
காற்றுக் குறைவு, பாரம் கூடுதல்.
ஸ்க்ரூடிரைவர் முனையால் கிளறி எடுத்து
என் உள்ளங்கையில் வைக்கிறான்
ஒரு செங்கல் சில்லு.
"கீரை இப்படிச் சிவக்காதே, மா."

பூபாலனிடம் நான் கேட்கப் போவதில்லை.
டயருக்குப் பொய் சொல்லத் தெரியாது,
அவனுக்குத் தெரியும்.
இருவரையும் ஒரே பந்தியில்
உட்கார வைப்பானேன்.

கையில் மூவாயிரத்து இருநூறு ராண்ட்.
நாலு பழசா, ரெண்டு புதுசா?

அடுக்கின் மேலிருந்து ஒன்றை உருட்டி வருகிறார்
கடைக்காரர் தனசீலன்.
"வரி எவ்வளவு ஆழம், பாரும்மா!"
ஆழம்தான். விரல் விட்டேன்.
அடியில் பிசிர், சூட்டுக்கத்தி இழுத்த பிசிர்.
மொட்டைத் தலையில் மையால் வரைந்த முடி.
இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் கம்பி சிரிக்கும்.
பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடினேன்:
பத்தொன்பதாம் வாரம், இரண்டாயிரத்துப் பதின்மூன்று.
அந்த வாரம் பிறந்த பையன்களுக்கு
மீசை அரும்பியாயிற்று.
ரப்பருக்கு நரைக்காது, வெடிக்கும்.

"போலீசுக்கு இது போதும்" என்றார்.
சட்டம் கேட்பது ஒரு மில்லிமீட்டர்.
ஹேசல்மியர் இறக்கத்தில், விடியல் மூன்றரைக்கு,
ஏப்ரல் மழையில்,
முன்னே போகும் கரும்பு லாரி பிரேக் போடும்போது
யார் கேட்பார், எவ்வளவு கேட்பார் என்று
சட்டத்தில் எழுதவில்லை.

"ரெண்டு புதுசு. சி எழுத்து இருக்கணும், எட்டு அடுக்கு.
கார் டயரைக் காட்டாதீங்க."

முன்னால் மாட்டப் போனார்.
பின்னால், என்றேன்.
"ஸ்டியரிங் முன்னாலதானே, தங்கச்சி?"
முன்சக்கரம் வழுக்கினால்
காலை எடுப்பேன், பிடித்துக்கொள்ளும்.
பின்சக்கரம் வழுக்கினால்
மிளகாய்ப் பெட்டிகள் எனக்கு முந்திச்
சந்தைக்குப் போய்விடும்.
ம்லுங்கிசி ஒன்றும் பேசாமல்
பின்னால் உருட்டிப் போனான்.

பழைய பின்சக்கரங்கள் முன்னுக்கு வந்தன.
ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர்.
மழைக்கு அதுவும் போதாது, தெரியும்.
அடுத்த மாதம்.
மிச்சக் காசு அலைன்மெண்டுக்கு.

கடைசியில் ஸ்டெப்னி.
தட்டுக்கு அடியில் சேறு அப்பிக் கிடந்ததை
ம்லுங்கிசி துடைத்தான், நிறுத்தினான்.
எங்களுடையது அல்ல.
எட்டு அடுக்கு, போன வருடத்து இலக்கம்,
வரிகளில் ரோமம்கூட உதிரவில்லை.
யார் வாங்கித் தொங்கவிட்டது?
செங்கல் காசு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
முன்னால் மாட்டலாம்தான்,
ஒற்றைக்கு ஜோடி இல்லை. தொங்கட்டும்.

இதையும் கேட்கப் போவதில்லை.

வெள்ளி இரவு சாவியைக் கொடுக்கும் முன்
கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதினேன்:

காற்றைக் காலையில் அளக்கவும்,
ஓடிச் சூடான பிறகு வேண்டாம்.
காலி வண்டிக்குப் பின்னால் இரண்டு புள்ளி இரண்டு.
மூட்டை என்றால் மூன்று.
லேசான சாமான் என்றால்
மூன்றரை.