எட்டு அங்குலம்

பதினைந்து அங்குலச் சுருளை வாங்கியது பேராசைதான்.
அரியமான் ஈரமணலில் வைத்ததும்
கடலையே உலோகம் என்றது.
அலை வந்தால் ஒரு கூப்பாடு, போனால் ஒன்று.
சோடா மூடி, தூண்டில் முள், வலையின் ஈயக்குண்டு
எல்லாம் ஒரே தொண்டையில்.

உச்சிப்புளியில் மோட்டார் காயில் கட்டும் ஜெசிந்தா சொன்னாள்:
"காதப் பெருசா வச்சா ஊர்ப்பேச்சு பூராந்தான் விழும்."
எட்டு அங்குலம் போதுமாம்.

செம்புக்கம்பியைச் சுற்றும்போது
டீக்காரர் பாக்கி கேட்டு வர
எண்ணிக்கை இருபத்து மூன்றில் தொலைந்தது.
அவிழ்த்து, ஒன்றிலிருந்து.

சுருள் இரண்டு. ஒன்று பேசும், ஒன்று கேட்கும்.
ஒன்றன் விளிம்பை மற்றதன்மேல் ஏற்றி
நூலளவு நூலளவாய் நகர்த்தினாள்,
பேச்சு கேட்காமல் போகும் இடம் வரும்வரை.
அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு
பிசின் ஊற்றினோம்.
கரிப்பூச்சில் மட்டும் விரலகலம் இடைவெளி:
"வளையம் மூடிட்டா அதுவும் உலோகந்தான்."

மறுநாள் விடியலில் அரியமான்.
உப்பு வாயே திறக்கவில்லை.
வாடைக்காற்று, என் செருப்பு, வேறொன்றுமில்லை.
கெட்டுப்போச்சோ என்று
மண்வெட்டியைக் காட்டிப் பார்த்தேன்; கத்தியது.

வெயில் ஏறியபின் ஒரு மெல்லிய விக்கல்.
தோண்டினேன். சதுர ஐந்து பைசா.
பிசின் டப்பாவின் மூடிக்குக்கூடக் காணாது.
அதையும் எடுத்துக்கொண்டு
ராம்நாடு பஸ்ஸில் தொற்றினேன்.

ஜெசிந்தா காசைத் தொடவில்லை.
"எத்தன அங்குலத்துல கெடந்துச்சு?"
"ஏழு."
"புதுசா ஒண்ணு கட்டுவோம்,
ரெண்டு சுத்து கொறச்சு" என்றாள்,
கம்பியைத் தேடிக்கொண்டே.