குண்டு பல்பு சாட்சி

வாடகையோடு நானூறு சேர்த்து
"கம்ப்யூட்டர் கரண்டுக்கு" என்று
துண்டுச்சீட்டில் எழுதிவிட்டார் செங்கோல் ராயப்பன்.
மண்டபத்தில், ஜெட்டிக்குப் போகும் சந்தில்
அவருக்குக் கீழ்வீடு, எனக்கு மாடி.
நண்டு ஏலம் எடுக்கிறவர்.
எழுதினதைத் திருத்திப் பழக்கமில்லை.

ராமநாதபுரம் போய், அரண்மனை பக்கத்துக் கடையில்
எழுநூற்றைம்பதுக்கு ஒரு மீட்டர் வாங்கிவந்தேன்.
சுவருக்கும் சார்ஜருக்கும் நடுவே
சுங்கச்சாவடி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

தட்டச்சு செய்தால் பதினான்கு வாட்ஸ்.
திரை வெளிச்சத்தைக் கூட்டினால் பதினெட்டு.
மேனேஜர் வீடியோவில் வந்தால் முப்பத்தொன்று,
அவர் வாயே திறக்காவிட்டாலும்.
மூடிவைத்தால் ஒன்றுக்கும் கீழே,
தூக்கத்தில் ஒரு முனகல்.
ஒன்பது நாள் குறித்தேன், பால் கணக்கு நோட்டில்.
மாதத்துக்கு ஆறு யூனிட்.
ஐம்பது ரூபாயைத் தாண்டாது.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை.
"தராசு யாருது?" என்றார்.
"என்னுது."
"வாங்குறவன் தராசுல நண்டு
என்னைக்கு சரியா நின்னிருக்கு?
இருபத்தாறு வருசமா வாங்குறவன் நான்,
எனக்குத் தெரியாதா?"

உள்ளே போய்
நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத்
தூசி தட்டி எடுத்துவந்தார்,
முத்திரை போட்ட படிக்கல்லைப் போல.
மாட்டினோம்.
எண்பத்துநாலு.
"பார்த்தியா. பதினாறு அடிக்குது."

பொத்தானை அழுத்தி அடுத்த எண்ணைக் காட்டினேன்.
வோல்டேஜ் இருநூற்றேழு.
சாயங்காலம், ஐஸ் கம்பெனி ஓடுகிற நேரம்,
எங்கள் சந்துக்கு வருவதற்குள்
கரண்டுக்கே மூச்சு வாங்குகிறது.
தராசு சரிதான்.
சரக்குதான் குறைச்சல்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.
அவருக்கு, லைன்மேனின் அப்பாவைத் திட்டும் நேரம்தான்.

மீட்டரை ஒரு வாரம் கேட்டு வாங்கிப்போனார்.
ராத்திரியெல்லாம் கீழே பிளக் பிடுங்கும் சத்தம்:
ஃப்ரீசர், மிக்ஸி, மாதா படத்துச் சீரியல் லைட்டு.
திரும்பி வந்தபோது அதன் மேல் நண்டு வாடை.

அடுத்த மாதச் சீட்டில் நூற்றிருபது.
ஏன் ஐம்பதில்லை?
"மாடிப்படி ஏறி வர்ற கரண்டும்மா."

நேற்றுக் கச்சான் காற்றில் எங்கோ கம்பி அறுந்து
ஊரே இருட்டு.
மீட்டரின் முகம் வெறும் கண்ணாடி.
பாட்டரி நாற்பத்தொன்று சதவீதம்.
மடியில் வெதுவெதுப்பு.
அது எத்தனை என்று சொல்ல ஆளில்லை.

சன்னலில் என் திரையின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு
கீழேயிருந்து குரல் கொடுக்கிறார்:
"இப்ப ஓடுதே,
அது யாரு கணக்கு?"