வியாழன் வரை செல்லும்

வாய்தா பதினாலாம் தேதிக்குப் போனது.
அஸ்தம்பட்டி கோர்ட் வாசலில் மழை.
சேர்வராயன் மலையை யாரோ
கரும்பலகை போல அழித்திருந்தார்கள்,
கொஞ்சம் சாக்பீஸ் புகை மட்டும் மிச்சம்.
உன்னிடம் குடை இல்லை.
என்னிடம் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை.

எதிரே தியேட்டர்.
சீனப்படம், தமிழில் பேசுகிறது,
மேட்னிக்கு மணி அடித்துவிட்டார்கள்.
நீ இரண்டு டிக்கெட் எடுத்தாய்.
பழக்கதோஷம் என்றாய்.
எண்ணிப் பார்த்தேன், நம்மோடு பதினோரு பேர்.
நடுவில் ஒரு சீட் விட்டு உட்கார்ந்தோம்.
அதில் என் குடையும் உன் வழக்குக் கட்டும்.

அவள் ஒரு குலம், அவன் ஒரு குலம்.
ஒருவரை ஒருவர் கொன்று வரச் சொல்லி
இரண்டு வீட்டிலும் வாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.
இலை உதிர்ந்த தோப்பு. பனி.
கிளைக்குக் கிளை ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பழம்.
தக்காளி என்றார் பின்வரிசையில் ஒருவர்.
தக்காளி மரத்திலயா காய்க்கும் என்றார் இன்னொருவர்.
அவள் பச்சைப் பட்டின் கை ஏழு முழம்.
கிளை நுனியில் நிற்கிறாள், கிளை வளையவில்லை.
கயிறு கட்டித் தூக்குறாங்க,
என்றாய், என் பக்கம் திரும்பாமல்.
தெரியும் என்றேன்.

அவன் வீசுகிறான்.
பழம் விழவில்லை, பழத்தின் மேலிருந்த பனி உதிர்கிறது.
ஒரு வீச்சில் அவள் கூந்தல் கயிறு,
மறு வீச்சில் அவன் இடுப்புக் கச்சை.
கொல்ல வந்தவர்கள்
ஏன் இத்தனை நிதானமாகக் குறி பார்க்கிறார்கள்?

அவள் வாய் மூடிய பிறகும் வசனம் வந்தது.
'உன்னை மன்னிக்கவே மாட்டேன்.'
சென்னையில் யாரோ ஒருத்தி, கண்ணாடி அறைக்குள்,
மதியச் சாப்பாட்டுக்கு முன் பேசி முடித்த குரல்.
காலையில் எனக்கும் அப்படித்தான்.
உதட்டை மூடி நின்றேன்,
என் வக்கீல் அர்த்தநாரி பேசினார்:
புறக்கணிப்பு, தாங்கொணா மன உளைச்சல்.
(அவர் பெயரைக் கேட்டு முதல் நாள் நீயும் சிரித்தாய்.)
மன உளைச்சல் என்று வீட்டில் நான் ஒருநாளும் சொன்னதில்லை.
நான் சொன்னது: சோறு ஆறுது.

திரை முழுக்க அவன் முகம். இமையில் பனி.
எனக்குப் பனியாகத் தெரியவில்லை.
செட்டிச்சாவடி வெள்ளைக்கல் சூளையில்
நைட் ஷிப்டு முடித்து வருவாய்,
இமை, புருவம், காதுமடல் எல்லாம் வெளுத்து
முப்பத்தொரு வயதுக் கிழவன்.
ஒரு சொம்புத் தண்ணீரில் திரும்ப இளைஞனாவாய்.
அந்த வித்தையைப் பார்க்கவே சில நாள் விழித்திருந்தேன்.
மனுவில் எந்தப் பத்தியிலும் இது இல்லை.

கடைசிச் சண்டை.
வாள்முனை அவன் நெஞ்சுத் துணியைத் தொட்டது,
துணி உள்வாங்கியது,
கரண்ட் போனது.
பதினோரு பேருக்கு ஜெனரேட்டர் போடமாட்டார்களாம்.
பாஸ் கொடுத்தார்கள், வியாழன் வரை செல்லும்.
இருட்டில் குடை உன் கைக்கும்
கட்டு என் கைக்கும் வந்துவிட்டது.
வாசல் வெளிச்சத்தில் மாற்றிக்கொண்டோம்.
நீ ஐந்து ரோடு பஸ். நான் அம்மாபேட்டை.

வியாழக்கிழமை போனேன்.
வேறு படம். புதனே தூக்கிட்டோம் என்றான் கவுண்டரில்.

பதினாலாம் தேதி, கோர்ட் தாழ்வாரம்.
கிளைமாக்ஸ் பார்த்தியா என்றாய்.
பார்த்தேன் என்றேன்.
வாளைத் திருப்பித் தன் பட்டுக் கையை வெட்டிவிட்டாள்,
ஏழு முழமும் மரத்தில் தொங்குகிறது,
அவள் பாட்டுக்கு மலை இறங்கிப் போகிறாள்.
இல்லையே, என்றாய். நானும்தான் போனேன்.
ஒரு பழம் விழுது.
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனியறாங்க.
பொய் என்றேன்.
நீதான் பொய் என்றாய்.
பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
சரி, பழத்தை எடுத்தது யார்,
முதலில் அதைச் சொல் என்றேன்.

டவாலி கூப்பிட்டார்.
பூங்கோதை. தவமணி.
இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.